பேஸ்பாலில் இப்படியெல்லாம் நடக்கும், தெரியுமா?

இரவு 8 மணிக்கு மேல் தொடங்கிய ஆட்டம், மறுநாள் விடியற்காலை 4 மணி ஆகியும் முடியவில்லை என்றால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆக வேண்டும்! 1981 ஏப்ரல் 18. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் உள்ள பாட்டக்கெட் என்ற சிறு நகரம். பாட்டக்கெட் ரெட் சாக்ஸ் அணியும் ராச்செஸ்டர் ரெட் விங்ஸ் அணியும் மோதின. பேஸ்பாலில் சாதாரணமாக 9 இன்னிங்ஸ். அதற்குள் யாரும் ஜெயிக்கவில்லை என்றால் 10, 11, 12 என்று போய்க்கொண்டே இருக்கும். கடிகாரம் எல்லாம் கணக்கில்லை, யாராவது ஜெயித்தே ஆக வேண்டும்!

அன்றைக்கு எத்தனை இன்னிங்ஸ் போனது தெரியுமா? 32! குளிர் தாங்காமல் வீரர்கள் உடைந்த மட்டைகளைக் கொளுத்திக் குளிர் காய்ந்தார்கள். 21-வது இன்னிங்ஸில் ராச்செஸ்டர் ஒரு ரன் எடுத்து முந்தியது. அப்பாடா, முடிந்தது என்று எல்லோரும் பெருமூச்சு விட்ட நேரத்தில் பாட்டக்கெட்டின் வேட் பாக்ஸ் அடித்துச் சமன் செய்துவிட்டார்! கடைசியில் 4 மணி 7 நிமிடத்துக்கு லீக் தலைவரின் உத்தரவு வந்து ஆட்டத்தை நிறுத்தினார்கள். அப்போது அரங்கில் மிச்சமிருந்த ரசிகர்கள் எத்தனை பேர்? வெறும் 19 பேர்!

ஆட்டத்தின் நடுவில் பந்து வீசி முடித்துவிட்டு விடியற்காலையில் வீட்டுக்குப் போன ஒரு வீரரிடம், இவ்வளவு நேரம் எங்கே இருந்தாய் என்று மனைவி கேட்டாராம். ஆட்டத்தில் இருந்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

மிச்சத்தை இரண்டு மாதம் கழித்து ஜூன் 23-ல் ஆடினார்கள். இந்த முறை அரங்கம் நிரம்பி வழிந்தது. மேஜர் லீக் எனப்படும் பெரிய லீக்கில் அப்போது வீரர்களின் வேலைநிறுத்தம் என்பதால் பத்திரிகைக்காரர்களும் படையெடுத்து வந்திருந்தார்கள். ஆனால் ஆட்டம்? 18 நிமிடத்தில் முடிந்துவிட்டது! 33-வது இன்னிங்ஸில் பாட்டக்கெட் 3-2 என்று ஜெயித்தது. மொத்தம் 8 மணி 25 நிமிடம். தொழில்முறை பேஸ்பாலில் இதைவிட நீண்ட ஆட்டம் இன்றுவரை இல்லை.

டெஸ்ட் கிரிக்கெட் ஐந்து நாள் நடக்குமே என்கிறீர்களா? அது சாப்பாட்டுக்கு நிற்கும், டீக்கு நிற்கும், இருட்டினால் நிற்கும். இது விடியற்காலை 4 மணி வரை எதற்கும் நிற்கவில்லையே!

இதற்கு நேர் எதிரான ஆச்சரியம் ஒன்று. 1919 செப்டம்பர் 28-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ், பிலடெல்பியா பில்லீஸ் அணியை 6-1 என்று வென்றது. முழு 9 இன்னிங்ஸ். எவ்வளவு நேரத்தில்? 51 நிமிடத்தில்!

கண் சிமிட்டினால் போச்சு!

பந்து வீசுபவர் பிட்சர், அடிப்பவர் பேட்டர். பிட்சர் நிற்கும் இடத்துக்கும் பேட்டர் காக்கும் இடத்துக்கும் நடுவே 18.44 மீட்டர்தான். ஓடி வந்து வீசுவதெல்லாம் கிடையாது. நின்ற இடத்திலிருந்தே வீச வேண்டும். அப்படியும் அரோல்டிஸ் சாப்மன் 2010 செப்டம்பரில் வீசிய ஒரு பந்தின் வேகம் என்ன தெரியுமா? மணிக்கு 170 கிலோமீட்டருக்கும் மேல்! ஷோயிப் அக்தர் 2003 உலகக் கோப்பையில் தொட்ட 161.3-ஐப் பார்த்தே வாய் பிளந்தோமே! (பேஸ்பாலில் முழங்கையை மடக்கி எறியலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

அந்த வேகத்தில் வரும் பந்து பேட்டரை அடைய அரை வினாடிகூட ஆகாது! சுமார் 0.4 வினாடிக்குள் பந்தைப் பார்த்து, அது வளையுமா இறங்குமா என்று கணித்து, அடிப்பதா விடுவதா என்று முடிவெடுத்து, மட்டையையும் சுழற்றியாக வேண்டும். அந்த மட்டையாவது அகலமா? உருளை! அதிகபட்சக் குறுக்களவே 6.6 சென்டிமீட்டர்தான். கிரிக்கெட் மட்டை 10.8 சென்டிமீட்டர் வரை அகலம் இருக்கலாம், அதுவும் தட்டையாக!

அதனால்தான் பேஸ்பாலில் பத்துக்கு மூன்று முறை வெற்றிகரமாக அடித்து, ஓடித் தொட வேண்டிய பேஸ் என்ற இடத்தை அடைபவர் (அதுதான் ஹிட்) பெரிய வீரர். ஆமாம், பத்தில் ஏழு முறை தோற்பவருக்கு அங்கே மாலை மரியாதை! என்னைப் பேஸ்பால் பக்கம் இழுத்ததே இந்தக் கணக்குதான். இவ்வளவு தோல்வியைச் சுமந்துகொண்டு மறுநாளும் சிரித்த முகத்தோடு மட்டையை எடுத்துக்கொண்டு வர எத்தனை பெரிய மனசு வேண்டும்!

பத்துக்கு நான்கு என்றால்? அதிசயம்! 1941-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் வீரர் டெட் வில்லியம்ஸ் அந்த அதிசயத்தைச் செய்தார். செய்த விதம்தான் இன்னும் அழகு. பருவத்தின் கடைசி நாள் காலையில் அவருடைய சராசரி .39955. ஏட்டில் எழுதும்போது அது .400 ஆகிவிடும். பேசாமல் உட்கார்ந்திருந்தால் பெருமை உறுதி! உட்கார்ந்தாரா? இல்லவே இல்லை! அன்றைக்கு இரண்டு ஆட்டங்கள். இரண்டிலும் இறங்கி, 8 வாய்ப்பில் 6 முறை அடித்து, .406-ல் முடித்தார். பெரிய லீக்கின் இரு பிரிவுகளான அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டிலும் அதற்குப் பிறகு ஒருவர்கூட .400-ஐத் தொடவில்லை!

இதே டெட் வில்லியம்ஸ் கொரியப் போரில் போர் விமானம் ஓட்டியவர் என்பது தெரியுமா? 39 முறை போர்க்களத்துக்குப் பறந்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் மட்டை பிடித்தார்!

சேறு பூசிய பந்து!

ஒரு பேஸ்பாலுக்குள் எவ்வளவு நூல் சுற்றியிருக்கும்? ஊகியுங்கள் பார்க்கலாம். 50 மீட்டர்? 100 மீட்டர்? 330 மீட்டருக்கும் மேல்! அதன்மேல் மாட்டுத்தோலைப் போர்த்திச் சிவப்பு நூலால் கையாலேயே தைக்கிறார்கள். பெரிய லீக்கின் பந்துகள் கோஸ்டா ரிகா நாட்டின் துரியால்பா நகரத் தொழிற்சாலையில் தைக்கப்படுகின்றன. ஒவ்வொரு பந்திலும் 108 இரட்டைத் தையல்!

108! நமக்கு நெருக்கமான எண் அல்லவா? இதையும் கேளுங்கள். சிகாகோ கப்ஸ் அணி 1908-ல் கோப்பையை வென்றது. அடுத்து எப்போது வென்றது? 2016-ல்! சரியாக 108 ஆண்டுகள்! பந்தில் எத்தனை தையலோ அத்தனை வருடம்! அதுவும் ஏழாவது ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ், நடுவில் மழை, நள்ளிரவு தாண்டி 8-7 என்று கிடைத்த வெற்றி. அப்பா காத்திருந்து, தாத்தா காத்திருந்து, பேரன் பார்த்த கோப்பை!

புத்தம் புதுப் பந்தை அப்படியே ஆட்டத்துக்கு எடுத்துப் போவார்கள் என்று நினைக்கிறீர்களா? கிடையாது. அதன்மேல் சேறு பூசுவார்கள்! நியூ ஜெர்சியில் டெலவேர் ஆற்றின் கிளை ஒன்றிலிருந்து எடுக்கப்படும், கெட்டித் தயிர் பதத்தில் இருக்கும் சேறு. புதுப் பந்தின் வழுவழுப்பு போய்ப் பிட்சரின் பிடி நழுவாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. 1938-ல் லீனா பிளாக்பர்ன் என்ற பயிற்சியாளர் கண்டுபிடித்த வழி. அந்தச் சேறு எடுக்கும் சரியான இடம் எது? பரம ரகசியம்! கோடி கோடியாய்ப் பணம் புரளும் லீக்கின் 30 அணிகளுக்கும் போய்ச் சேருவது, யாருக்கும் இடம் தெரியாத அந்த ஆற்றுச் சேறுதான்!

பிடி அவ்வளவு முக்கியமா? குறி தவறினால் உயிரே போகும்! 1920-ல் ரே சாப்மன் என்ற வீரர் தலையில் பந்து பட்டு உயிரிழந்தார். அன்று ஹெல்மெட் கிடையாது, பந்தும் அழுக்கேறிக் கருத்திருக்கும். அதற்குப் பிறகுதான் அழுக்கான பந்தை உடனுக்குடன் மாற்றத் தொடங்கினார்கள். இன்று ஒரு பந்து சில வீச்சுகளுக்கு மேல் தாங்குவதில்லை. கூட்டத்துக்குள் போன பந்து? பிடித்தவருக்கே சொந்தம்!

ஒரு கை போதும்!

இந்தக் கட்டுரையில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். ஜிம் அபாட் பிறக்கும்போதே வலக் கையில் உள்ளங்கை இல்லை, விரல்கள் இல்லை. வளர்ந்து என்ன ஆனார் தெரியுமா? பெரிய லீக்கில் பிட்சர்!

எப்படி முடியும் என்கிறீர்களா? கையுறையை வலது முன்கையின் முனையில் சாய்த்து வைத்துக்கொள்வார். இடக் கையால் பந்தை வீசுவார். வீசிய மறுகணமே அதே இடக் கையைக் கையுறைக்குள் நுழைத்து, திரும்பி வரும் பந்தைப் பிடிக்கத் தயாராகிவிடுவார். பிடித்தாயிற்றா? கையுறையை வலது பக்கம் இடுக்கிக்கொண்டு, பந்தை உருவி, எறிய வேண்டிய பேஸுக்கு எறிவார்! எல்லாம் நாம் கவனிப்பதற்குள் முடிந்துவிடும். இதைச் சிறுவயதிலிருந்தே பழகினார்.

1988 சோல் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணி முதலிடம் பிடித்தபோது அதில் இருந்தார். 1993 செப்டம்பர் 4 அன்று நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக வீசி, கிளீவ்லாந்து அணியை ஒரு ஹிட்கூட அடிக்க விடாமல் ஆட்டத்தை முடித்தார்! இரண்டு கையும் உள்ள எத்தனையோ பெரிய பிட்சர்களுக்குக் கடைசிவரை கிடைக்காத பெருமை இது. அதோடு விட்டாரா? 1999-ல் மட்டையும் பிடித்து இரண்டு ஹிட் அடித்தார்! ஒற்றைக் கை பலத்தில்!

27-க்கு 26!

எதிரணி பேட்டர்கள் வரும் 27 முறையும் ஒருவரைக்கூட பேஸை அடைய விடாமல் வரிசையாக வெளியேற்றினால் அதற்குப் பெயர் பெர்ஃபெக்ட் கேம். இரண்டு லட்சத்துக்கும் அதிகமான ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. 2025 வரை பெர்ஃபெக்ட் கேம் எத்தனை? 24 மட்டுமே!

அந்தக் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டிய இன்னொன்றைச் சொல்கிறேன். 2010 ஜூன் 2, டெட்ராய்ட். வெனிசுவேலாவைச் சேர்ந்த அர்மாண்டோ கலராகா 26 பேரை வரிசையாக வெளியேற்றிவிட்டார். 27-வது ஆள் அடித்த பந்தைச் சக வீரர் பிடித்து எறிய, கலராகாவே ஓடி வந்து முதல் பேஸில் காலை வைத்து வாங்கினார். தெளிவான அவுட்! ஆனால் அம்பயர் ஜிம் ஜாய்ஸ் கையை விரித்து அவுட் இல்லை என்றுவிட்டார்!

கலராகா கத்தினாரா? சண்டைக்குப் போனாரா? ஒரு புன்னகை. அவ்வளவுதான்! திரும்பி நடந்து போய் அடுத்த ஆளை வெளியேற்றினார். ஆட்டம் முடிந்து வீடியோவைப் பார்த்த ஜாய்ஸ் கலங்கிப்போய்க் கலராகாவிடமே மன்னிப்புக் கேட்டார். மறுநாளும் அதே மைதானத்தில் ஆட்டம், அதே ஜாய்ஸ்தான் அம்பயர். டெட்ராய்ட் அணியின் பெயர்ப் பட்டியலை அம்பயரிடம் கொண்டுவந்து கொடுத்தது யார் தெரியுமா? கலராகா! எல்லோர் முன்னாலும் ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏட்டில் அது பெர்ஃபெக்ட் கேம் இல்லை. என்னைக் கேட்டால், ஏட்டில் இருக்கிற 24-ஐயும்விட உயர்ந்தது அதுதான்!

இன்னும் இருக்கிறது, மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள்!

1944-ல் சின்சினாட்டி ரெட்ஸ் அணிக்காகப் பந்து வீச வந்த ஜோ நக்ஸாலின் வயது 15! 1965-ல் கான்சாஸ் சிட்டி அணிக்காக வீசிய சாட்சல் பேஜின் வயது 59! பேஜ் ஆட்டத்துக்கு முன் சாய்ந்தாடும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய் மூன்று இன்னிங்ஸ் வீசினார். எதிரணிக்கு எத்தனை ரன்? பூஜ்யம்! கறுப்பர் என்பதாலேயே இளமை முழுக்க பெரிய லீக்கின் கதவு மூடப்பட்டு, 42 வயதில்தான் அவருக்கு அது திறந்தது. அந்த இளமையில் பெரிய லீக் எதை எல்லாம் இழந்ததோ!

1951-ல் செயின்ட் லூயிஸ் பிரௌன்ஸ் அணி இறக்கிய ஒரு பேட்டரின் உயரம் 3 அடி 7 அங்குலம்! பெயர் எடி கேடல். சட்டையில் எண் என்ன? 1/8! அவ்வளவு குள்ளமானவருக்குச் சரியான உயரத்தில் பந்து போட முடியாமல் பிட்சர் திணற, நான்கு பந்திலேயே முதல் பேஸுக்கு நடந்து போய்விட்டார்!

2001-ல் ராண்டி ஜான்சன் வீசிய பந்தின் குறுக்கே ஒரு புறா பறந்தது. இறகுகள் மட்டும் சிதறின! பாவம் அந்தப் புறா. அந்த வீச்சைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு ஜான்சன் புகைப்படக்காரர் ஆனார். அவருடைய சின்னம் என்ன என்கிறீர்கள்? செத்த பறவை!

1957-ல் ரிச்சி ஆஷ்பர்ன் அடித்த பந்து கூட்டத்தில் இருந்த ஒரு பெண்மணியின் மூக்கை உடைத்தது. அவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போகும்போது ஆஷ்பர்ன் அடுத்து அடித்த பந்து எங்கே போனது? மறுபடியும் அதே பெண்மணி மேல்!

பேப் ரூத் 1920-ல் 54 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தார். அந்த ஆண்டு பெரிய லீக்கின் மற்ற 15 அணிகளில் 14 அணிகள், மொத்த அணியும் சேர்ந்தே, அத்தனை அடிக்கவில்லை! ஆனாலும் உலகத்திலேயே அதிக ஹோம் ரன் அடித்த தொழில்முறை வீரர் அவர் இல்லை, அமெரிக்கரும் இல்லை. ஜப்பான் லீக்கில் ஆடிய சதாஹாரு ஓ! 868!

மோ பெர்க் என்ற கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்) பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அங்கே படித்த மொழிகளில் சமஸ்கிருதமும் ஒன்று! இரண்டாம் உலகப் போரில் அவர் அமெரிக்க உளவாளி. 1944 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஹைசன்பர்க் என்ற ஜெர்மன் இயற்பியல் மேதை பேசிய அரங்கில், பையில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார்! ஜெர்மனி அணுகுண்டு செய்யப்போகிறது என்று தெரிந்தால் சுட வேண்டும் என்பது உத்தரவு. அப்படி எதுவும் தெரியவில்லை. சுடாமலே திரும்பினார்!

பேஸ்பாலில் அணி மேனேஜரும் வீரர்களைப் போலவே சீருடை போட்டுக்கொள்வதைக் கவனித்திருக்கிறீர்களா? 50 வருடம் ஒரே அணியை நடத்திய கானி மேக்கோ கோட்டும் டையுமாகவே வந்து உட்கார்ந்தார்!

கிரிக்கெட்டுக்கு உறவு!

உலகின் முதல் சர்வதேச கிரிக்கெட் போட்டி எந்த நாடுகளுக்கு இடையே நடந்தது? இங்கிலாந்தா, ஆஸ்திரேலியாவா? இரண்டுமே இல்லை! அமெரிக்காவும் கனடாவும், 1844-ல், நியூயார்க்கில்! பேஸ்பாலுக்குப் புள்ளிவிவர அட்டவணை தந்த ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்து, நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். முதல் முழுநேரத் தொழில்முறை அணியான சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸை 1869-ல் நடத்திய ஹாரி ரைட்டும் ஒரு கிரிக்கெட் வீரரின் மகன்!

நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2008-ல் இந்தியாவில் பிட்சர் தேடி ஒரு போட்டி நடத்தினார்கள். கலந்துகொண்டவர்கள் முப்பதாயிரத்துக்கும் மேல்! தேறியவர்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல். உத்தரப் பிரதேசத்துக் கிராமத்துப் பையன்கள், ஈட்டி எறிபவர்கள். அதற்கு முன் பேஸ்பால் பக்கமே போகாதவர்கள்! அதே ஆண்டு பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அவர்களை ஒப்பந்தம் செய்தது. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் கையெழுத்திட்ட முதல் இந்தியர்கள்! 2014-ல் ஹாலிவுட் அதைப் படமாக எடுத்தது. இசை யார் தெரியுமா? நம்ம ஏ.ஆர். ரஹ்மான்!

ஜப்பானில் பேஸ்பால் வெறும் விளையாட்டு இல்லை. ஆண்டுதோறும் ஆகஸ்டில் கோஷியென் அரங்கில் பள்ளி மாணவர்களுக்கான போட்டி நடக்கும். தோற்ற பிள்ளைகள் மண்டியிட்டு, அந்த மைதானத்து மண்ணைப் பையில் அள்ளி வீட்டுக்கு எடுத்துப் போவார்கள்! 1998-ல் டைசுகே மட்சுசாகா என்ற மாணவர் 17 இன்னிங்ஸ் நீண்ட ஒரே ஆட்டத்தில் 250 பந்து வீசினார். இரண்டே நாள் கழித்து இறுதிப் போட்டி. கை விட்டுப்போயிருக்கும் என்றுதானே நினைப்போம்? எதிரணிக்கு ஒரு ஹிட்கூடத் தரவில்லை!

அந்த நாட்டில் பிறந்தவர்தான் ஷோஹேய் ஓதானி. உலகத்தரப் பிட்சரும் அவரே, உலகத்தரப் பேட்டரும் அவரே! 2023-ல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அவரோடு போட்ட ஒப்பந்தம் 10 ஆண்டுக்கு 70 கோடி டாலர். அதில் 68 கோடியை ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார், அணிக்கு மற்ற வீரர்களைச் சேர்க்கப் பணம் வேண்டுமே என்று! 2025 அக்டோபரில் ஒரு பிளே-ஆஃப் ஆட்டத்தில் பிட்சராக 10 பேரைப் பந்தை அடிக்க விடாமலே வெளியேற்றினார் (ஸ்ட்ரைக் அவுட்). அதே ஆட்டத்தில் பேட்டராக 3 ஹோம் ரன்!

கடைசியாக ஒரு கேள்வி. ஒரே நாளில் இரண்டு அணிக்கு ஆட முடியுமா? 1982 ஆகஸ்ட் 4 அன்று ஜோயல் யங்பிளட் மதியம் சிகாகோவில் நியூயார்க் மெட்ஸுக்காக ஒரு ஹிட் அடித்தார். ஆட்டத்தின் நடுவிலேயே அவரை மான்ட்ரியல் எக்ஸ்போஸ் அணிக்கு மாற்றிவிட்டார்கள். விமானம் பிடித்தார். இரவு பிலடெல்பியாவில் புது அணிக்காக இன்னொரு ஹிட்! ஒரே நாள், இரண்டு ஊர், இரண்டு அணி!

சரி, ஒரே ஆட்டத்தில் இரண்டு அணிக்கும்?

அதுவும் நடந்துவிட்டது! 2024 ஜூன் 26, பாஸ்டன். டொராண்டோ புளூ ஜேஸ் வீரர் டேனி ஜான்சன் மட்டையோடு நின்றுகொண்டிருக்கும்போது மழை வந்து ஆட்டம் நின்றது. மிச்சம் ஆகஸ்ட் 26-க்குத் தள்ளிப்போனது. அதற்குள் அவர் எதிரணியான பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கே மாறிவிட்டார்! ஆகஸ்ட் 26-ல் அவர் பாதியில் விட்ட வாய்ப்பை ஆட டொராண்டோவிலிருந்து வேறொருவர் வந்து நின்றார். பின்னால் கேட்சராக உட்கார்ந்து பந்தைப் பிடித்தது யார்? அதே டேனி ஜான்சன்! பெரிய லீக் வரலாற்றில் ஒரே ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் ஆடிய முதல் மனிதர்!